சத்தமில்லாத மாசத்துக்கு ஒரு டிக்கெட்

கோசோ,
மால்டா நாடு,
பிப்ரவரி 9

என் அருமை அக்கா ரொமினாவுக்கு,

நம்ம ஊர்ப் புனிதர் சான் ரொக்கு புண்ணியத்துல நானும் அம்மாவும் இங்க நல்லா இருக்கோம். அம்மாவோட முட்டி வலி மட்டும் போன வருஷம் எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கு. மெல்போர்ன்ல நீ, பிரெண்டன் மச்சான், என் செல்லம் டெஸ்ஸா மூணு பேரும் சுகம்தானே?

சுகமாத்தான் இருப்ப. கூடப் பிறந்த தம்பியை போன்ல ப்ளாக் பண்ணிட்டு நிம்மதியா தூங்குறவளுக்கு என்ன குறைச்சல்! உன்கிட்ட பேசணும்னு பள்ளிக்கூட காலத்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை ஒரு மணி நேரம் தேடினேன் தெரியுமா?

அப்படி என்ன கொலைக் குத்தம் பண்ணிட்டேன்? "இந்த வருஷம் லீவுக்கு வரலாம்னு இருக்கேன்"னு நீ அம்மாகிட்ட சொன்ன. அம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் நம்ம பேண்டு கிளப்போட இணையப் பக்கத்துல ஒரு போஸ்ட் போட்டேன். "சல்வுவோட மகள் ஏழு வருஷம் கழிச்சு திருவிழாவுக்கு வர்றா!" அவ்வளவுதான்! ஊரே அதுக்குக் கீழ இதயம் இதயமா போட்டுத் தள்ளிடுச்சு. பேக்கரிக்காரம்மா அழுற பொம்மை போட்டாங்க. நீ என்னடான்னா ப்ளாக் போட்டுட்ட.

சரி, விடு. விஷயத்துக்கு வர்றேன். ஆகஸ்ட் மூணாவது ஞாயிறு திருவிழா. முந்தின புதன்கிழமையே வந்துடணும். புது மார்ச் இசை போட்டிருக்காங்க, கேட்டா நடக்கிறவன் குதிப்பான். சான் ரொக்கு சிலையோட காலடியில இருக்கிற நாய்க்கு வாயில இருக்கிற ரொட்டி வரைக்கும் புதுசா பொன் பூசியிருக்கு. வாணவேடிக்கை பத்தி எழுதவே மாட்டேன், நேர்ல பாரு. மேல ஊர்க்காரனுங்க போன வருஷம் விட்ட வாணச் சக்கரம் பாதியில நின்னு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. சிரிச்சு சிரிச்சு எனக்கு விலாவே பிடிச்சுக்கிச்சு. இந்த வருஷம் அவனுங்க மூஞ்சியைப் பார்க்கணும்னாவது நீ வரணும்!

டிக்கெட் போட்டதும் எழுது. ப்ளாக்கை எடு, ப்ளீஸ்.

உன் அன்புத் தம்பி,
ஜெஸ்மண்ட்


மெல்போர்ன்,
பிப்ரவரி 20

அன்புள்ள ஜெஸ்மண்டுக்கு,

நாங்கள் மூவரும் நலம். டெஸ்ஸாவுக்குச் சளி இருந்தது, சரியாகிவிட்டது. அம்மாவின் முட்டிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொல். "செய்றேன் செய்றேன்" என்பார்கள், செய்ய மாட்டார்கள்.

உன் போஸ்டைப் பற்றி. என்னைக் கேட்காமல் எதற்குப் போட்டாய்? நான் "லீவுக்கு" என்றேன். "திருவிழாவுக்கு" என்று எங்கே சொன்னேன்? உனக்கு அந்த இரண்டும் ஒன்று. ஊருக்கே ஒன்று. எனக்கு அப்படி இல்லை. என்னைத் தெரியாதவர்களெல்லாம் "சல்வுவின் மகள் வருகிறாள்" என்று எழுதியிருப்பதைப் படித்து வேலை செய்யும் இடத்தில் கழிவறைக்குள் போய் நின்றேன். அதற்குத்தான் ப்ளாக்.

நாங்கள் அக்டோபரில் வருகிறோம். கடல் அப்போதும் சூடாகத்தான் இருக்கும், வெடிச் சத்தம் இருக்காது. ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாணம் செய்யும் அந்தக் கிடங்கு அப்பாவைக் கொண்டுபோன பிறகு ஒரு குண்டுச் சத்தத்தைக் கூட என்னால் தாங்க முடியவில்லை. இங்கே புத்தாண்டு இரவுகளில் ஜன்னலை மூடிவிட்டு துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிடுவேன்.

நீ அந்தக் கிடங்குப் பக்கம் போவதில்லை என்று அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாய். அதை நம்பித்தான் ஏழு வருடத்தில் முதல் முறையாக வருகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த மாதிரி நீச்சல் குளத்தோடு ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ரொமினா


கோசோ,
பிப்ரவரி 21

அக்கா,

நலம். நீயும் நலமா இரு. சம்பிரதாயம் முடிஞ்சுது, இப்ப சண்டைக்கு வா.

எதுக்கு பள்ளிக்கூட டீச்சர் மாதிரி எழுதுற? "மூவரும் நலம்"! யாருக்கு எழுதுற, மந்திரிக்கா?

அக்டோபராம்! நம்ம ஊர்ல பிறந்தவ எவளாவது அக்டோபர்ல லீவுக்கு வந்து பார்த்திருக்கியா? கனடாக்காரன் வர்றான், ஆகஸ்ட். நியூயார்க்காரன் வர்றான், ஆகஸ்ட். அக்டோபர்ல யார் வருவா தெரியுமா? கையில ரெண்டு குச்சி வச்சுக்கிட்டு மலையேறுற ஜெர்மன்காரக் கிழவனுங்க. அவனுங்களோட போய் நில்லு. மழை பெஞ்சா சாக்கடை கடலுக்கு வரும், ஜெல்லி மீன் கடிக்கும். டெஸ்ஸா ஊர்ல என்ன பார்த்தான்னு கேட்டா, "ஒரு பஸ் ஸ்டாப் பார்த்தேன்"னு சொல்லும்.

அதெல்லாம் கூடப் பரவாயில்ல. பண்ணை வீடா? நீச்சல் குளமா? சொந்த வீடு இருக்கிறப்போ காசு குடுத்து வேற வீட்டுல தங்குவியா? இதை அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு, உனக்குத் தைரியம் இருந்தா. அம்மா உன் பழைய ரூமுக்கு சுண்ணாம்பு அடிக்கிறாங்க, அந்த முட்டியை வச்சுக்கிட்டு. நான் புதுக் கட்டில் வாங்கி மாட்டிட்டேன். டெஸ்ஸாவுக்குப் பக்கத்துல குட்டிக் கட்டில், நானே செஞ்சது. பெயின்ட் இன்னும் காயலை. ஜன்னலைத் திறந்தா மாடி, மாடியைத் தாண்டி கோயில் கோபுரம். இதைவிட என்ன பண்ணை வீடு வேணும் உனக்கு?

போட்டோ வச்சிருக்கேன். பாரு, பார்த்துட்டு வெட்கப்படு.

கோபமா இருக்கிற தம்பி,
ஜெஸ்மண்ட்


மெல்போர்ன்,
பிப்ரவரி 23

ஜெஸ்மண்ட்,

போட்டோ பார்த்தேன். நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

கட்டில் அழகாக இருக்கிறது. ஆனால் நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடிக் கொடியில் துணி காய்கிறது. நான்கு சட்டை, மூன்று கால்சட்டை. எல்லாம் வெள்ளைப் பருத்தி. கால்சட்டையில் ஜிப் இல்லை, நாடா. சட்டையில் பொத்தான் இல்லை, முடிச்சு.

யாரோ வேலைக்காரன் துணி என்று வேறு யாராவது நினைக்கலாம். நான் சல்வுவின் மகள். பதினைந்து வருடம் அந்தத் துணியைக் கொடியில் போட்டு எடுத்தவள். உரசினால் பொறி பறக்கும் என்று ஒரு நைலான் நூல் கூட இல்லாமல் தைத்த துணியை யார், எங்கே போகும்போது போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அது யாருடைய துணி?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ரொமினா


கோசோ,
மார்ச் 28

என் மகள் ரொமினாவுக்கு அம்மா ஜீஸா எழுதிக்கொள்வது,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் மாதா துணை. குழந்தைக்குச் சளி விட்டதா? எலுமிச்சையும் தேனும் கொடு. இங்கே காற்று அதிகம், மூன்று நாளாய்க் கப்பல் ஓடவில்லை, கடையில் பால் இல்லை. எனக்கு அந்தக் கணினியில் எழுத வராது என்பதால் தபாலில் போடுகிறேன். உன் கையில் கிடைக்கிறபோது உன் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் படி.

தம்பி உனக்குப் பதில் எழுதவில்லை. உட்காருகிறான், எழுந்து போகிறான். அதனால் நான் எழுதுகிறேன். உன் மகளுக்குத் தலையணை உயரமாய் வேண்டுமா, தாழ்வாய் வேண்டுமா? சொன்னால் தைத்து வைப்பேன்.

அந்தத் துணியும் நான் தைத்ததுதான்.

போன வருடம் செப்டம்பரில் ஒருநாள் வந்து, "அம்மா, வாணம் செய்ய லைசென்ஸ் வாங்கிட்டேன்" என்றான். நான் கையிலிருந்த பாத்திரத்தை அவன்மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டது. "இன்னொண்ணு எறிங்க, ஆனா போகத்தான் போறேன்" என்றான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாவது நாள் கிளம்பிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். கடையில் வாங்கின நைலான் கால்சட்டை போட்டிருந்தான், ரொமினா. அதோடு அங்கே போகப் பார்த்தான்.

"கழட்டுடா அதை" என்றேன். அன்றைக்கு ராத்திரியே தைக்க உட்கார்ந்தேன்.

நீ என்னைத் திட்டுவாய். திட்டு. நான் தைக்காவிட்டால் அவன் போகாமல் இருப்பான் என்றால் என் ஊசியைக் கடலில் போட்டிருப்பேன்.

வா. எந்த மாதம் என்றாலும் வா.

அம்மா


மெல்போர்ன்,
ஏப்ரல் 17

அம்மாவுக்கும் ஜெஸ்மண்டுக்கும்,

அம்மா, இதை அவனையே உங்களுக்குப் படித்துக்காட்டச் சொல்கிறேன். ஒரு சொல் விடாமல் படிக்கட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நலமா என்று நான் எப்படிக் கேட்பது? இன்றைக்கு நலம் என்று எழுதுவீர்கள். நாளைக்கு?

அந்த ஜூலை மாதக் காலை உங்களுக்கு மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலில் காலுக்குக் கீழே தரை அசைந்தது, பிறகுதான் சத்தம் கேட்டது. தீவு முழுக்க ஒரே நேரத்தில் போன் அடித்தது. எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள். "எந்த ஊர்க் கிடங்கு? எந்த ஊர்க் கிடங்கு?" என் பக்கத்தில் நின்ற பெண் போனில் பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

மூன்று பேர் போனார்கள். கிடங்கின் கல் சுவர் இருந்த இடத்தில் வயல் இருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அம்மா, நீங்கள் அந்த மூடியில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தீர்கள். இப்போது அதே ஊசி, அதே துணி, அடுத்த ஆளுக்கு!

டேய் ஜெஸ்மண்ட், உனக்குப் பதினாலு வயசு அப்ப. என் இடுப்பைக் கட்டிக்கிட்டு, "நான் போக மாட்டேன்க்கா, எப்பவும் போக மாட்டேன்"னு நீதானே அழுத? நான் கேக்கவே இல்லையேடா! நீயா சொன்ன! உன் ஊர்ல வானத்துல கலர் கலரா வெடிச்சுக் கை தட்டு வாங்கத்தான் மனுஷன் பிறந்தானா? மேல ஊர்க்காரன் மூஞ்சியைப் பார்க்கவா? அதுக்கா ஒரு உசிரு?

நாங்கள் வரவில்லை. அக்டோபரிலும் இல்லை. பண்ணை வீட்டுக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கட்டிலை விற்றுவிடு.

ரொமினா


கோசோ,
மே 11

மெல்போர்ன் மகாராணிக்கு,

நலமா? அப்பா எப்படி இருக்கார்? அவருக்கு இதயம் வீக்குன்னு கேள்விப்பட்டேன்.

புரியலையா? புரிய வைக்கிறேன். நீ வர மாட்டேன்னு எழுதினதும் நான் பிரெண்டன் மச்சானுக்கு எழுதினேன். ஆமா, உனக்குத் தெரியாமத்தான். "அக்காவை எப்படியாவது கூட்டிட்டு வாங்க, அம்மா ராத்திரி பூரா தூங்குறதில்ல"ன்னு. பாவம், நல்ல மனுஷன், உடனே பதில் போட்டார். என்ன எழுதினார் தெரியுமா? "உங்க அப்பா மாரடைப்புல திடீர்னு போனதை அவளால இன்னும் ஏத்துக்க முடியல, திருவிழா பார்த்தா மனசு தேறும்"னு.

மாரடைப்பாம்!

பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து அதைப் படிச்சேன். மூணு தடவை படிச்சேன். பஸ் வந்துச்சு, போச்சு.

எங்க அப்பா சான் ரொக்குவுக்காக உசிரு விட்டவர், ரொமினா. கிளப்புல அவர் போட்டோ மாட்டியிருக்கு. ஒவ்வொரு திருவிழாவுக்கும் சான் ரொக்கு சுரூபம் ஊர்வலமா அப்பா போன அந்த வயல் ஓரம் வந்தா பேண்டு வாசிப்பை நிறுத்திடுவாங்க. முழு ஊரும் மூச்சு விடாம நிக்கும். நீ அவரை ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்க வச்சுக் கொன்னுட்ட. என்னை சத்தியம் மீறினவன்னு திட்டுறியே, நீ பண்ணினதுக்குப் பேரென்ன?

நீ விமானம் ஏறிப் போயிட்ட. நான் இங்கதான் இருந்தேன். அப்பாவோட போன ரெண்டு பேருக்கும் பிள்ளைங்க இருக்கானுங்க, ரெண்டு பேரும் கிடங்குல வேலை செய்றானுங்க. நான் மட்டும் வெளிய நின்னு ஊர்வலத்துல கலர் பேப்பர் தூவிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் என்னைப் பாவமா பார்ப்பாங்க. "சல்வுவோட பையன், விடு, அவனைக் கேக்காதே." கேக் குடுப்பாங்க. எனக்கு கேக் வேணாம்! திரும்பக் கட்டின கிடங்குல, அப்பா உக்காந்த இடத்துல உக்காரணும். அங்க உக்காந்து திரி சுத்துறப்போதான் அவர் என் பக்கத்துல இருக்கார். உன்கிட்ட வேற என்ன சொல்ல!

ஒண்ணு சொல்லிடறேன். மச்சான் உன் பிறந்த நாளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு ஆகஸ்ட் 12ஆம் தேதிக்கு மூணு டிக்கெட் போட்டுட்டார். காசு திரும்பி வராதாம். சொல்லாதேன்னார். நான் ஆச்சரியத்தைக் கெடுத்துட்டேன், சந்தோஷம்!

அப்பா எப்படிப் போனார்னு நான் அவர்கிட்ட சொல்லலை. அதை நீ சொல்லு.

ஜெஸ்மண்ட்


மெல்போர்ன்,
ஜூன் 3

ஜெஸ்மண்ட்,

நலம். அம்மாவுக்கு முத்தம்.

பிரெண்டனிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்கிறாயா? கேள். இந்த ஊருக்கு வந்த புதிதில், கூட வேலை செய்த ஒருத்தியிடம், "எங்கள் அப்பா வாணவேடிக்கை செய்யும்போது வெடித்து இறந்தார்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கெட்டவள் இல்லை, நான் ஏதோ வேடிக்கை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அழுதாள். நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அன்றிலிருந்து மாரடைப்பு. மாரடைப்புக்கு யாரும் சிரிப்பதில்லை. உன் பேண்டும் உன் சுரூபமும் நிற்கிற இடத்தில் நீ இருக்கிறாய். எனக்கு இங்கே யாரடா நிறுத்துவார்கள் பேண்டை?

பிரெண்டன் அன்று ராத்திரி படுக்க வரவில்லை. மறுநாள், "போவோம். அக்டோபர்ல இல்ல, ஆகஸ்ட்ல. நீ அந்த வயலைப் பார்க்காம இந்த வீட்டுல யாரும் தூங்கப் போறதில்ல" என்றார்.

அதனால் வருகிறோம். ஆகஸ்ட் 12. ஆனால் என்னைத் திருவிழாவுக்கு வருகிறவள் என்று நினைக்காதே. நான் மாடியில் நின்று வானத்தைப் பார்க்கப் போவதில்லை, கடலுக்குப் போகப் போவதில்லை. காலையில் எழுந்து டெஸ்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு உன் கிடங்கு வாசலுக்கு வருவேன். மடக்கு நாற்காலி போட்டு உட்காருவேன். ரொட்டியும் தண்ணீரும் எடுத்து வருவேன். நீ உள்ளே இருக்கிற வரை நானும் என் மகளும் வாசலில் இருப்போம். ஒவ்வொரு நாளும். அதுதான் எங்கள் லீவு.

உள்ளே போவதென்றால் எங்களைத் தாண்டிப் போ.

ரொமினா


கோசோ,
ஜூன் 4

உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?

நாலு வயசுப் பிள்ளையை அங்க கூட்டிட்டு வருவியா? அந்த வாசலுக்கா? நீ அம்மாதானா? அங்க வெளியாள் யாரும் வரக்கூடாதுன்னு கேட்ல எழுதியிருக்கு, சும்மா அழகுக்கா எழுதி வச்சிருக்கான்? செருப்புல ஒட்டின சின்னக் கல்லு தரையில உரசினாப் போதும். ஆகஸ்ட்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், தலை சீவினாலே பொறி பறக்கும். பிள்ளை பிளாஸ்டிக் செருப்பு போட்டிருக்கும், பொம்மை வச்சிருக்கும், ஓடும். ஓடாதேன்னா கேக்குமா? வெயில்ல வெடிமருந்து எப்ப சூடாகும் எப்ப ஆகாதுன்னு யாருக்கும் தெரியாது. நாங்க உள்ள போறப்போ எல்லாத்தையும் வெளிய வச்சுட்டு, கை கழுவி, ஒருத்தருக்கொருத்தர் பேசாம, மூச்சைக் கூட மெதுவா விட்டுட்டு வேலை செய்றோம். அப்படிப் பண்ணியும் எதுவும் நிச்சயம் இல்ல. அன்னைக்கு எதனால வெடிச்சுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது! அப்பா எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சார். சல்வு மாதிரி கவனமான கை இந்தத் தீவுலயே கிடையாதுன்னு கிடங்கை நடத்துற மாஸ்டர் ஸெப்பு இன்னைக்கும் சொல்றார். அவ்வளவு கவனமா இருந்தும்


மெல்போர்ன்,
ஜூன் 5

ஜெஸ்மண்ட்,

உன் கடிதம் பாதியில் நிற்கிறது. கையெழுத்தும் போடவில்லை. அப்படியே கீழே ஒட்டி உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

எனக்குப் பதில் வேண்டாம். நீ படி. அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக்காட்டு.

ரொமினா


கோசோ,
ஆகஸ்ட் 2

அக்கா,

சுகமா? நாங்க சுகம். அம்மா தலையணை தைச்சு முடிச்சுட்டாங்க, ரெண்டு உயரத்துலயும் ஒண்ணு ஒண்ணு.

ரெண்டு மாசமா ஏன் எழுதலைன்னு கேக்காத. உன்மேல அவ்வளவு கோபம். இப்பவும் கோபம்தான். கோபம் குறைஞ்சதால எழுதுறேன்னு நினைச்சுடாத.

நான் அம்மாவுக்குப் படிச்சுக்காட்டலை. ஆனா தினமும் படிச்சேன். கிடங்குக்குப் போனேன், திரும்பி வந்தேன், படிச்சேன். ஜூலை கடைசி வரைக்கும் போனேன். பொய் சொல்ல விரும்பலை. போன செவ்வாய்க்கிழமை கிளப்புல மாஸ்டர் ஸெப்பு தனியா இருந்தார். போய் முன்னாடி நின்னேன்.

"இனி திருவிழா வரைக்கும் நான் உள்ள வரலை"ன்னேன்.

"காய்ச்சலா?"

"இல்ல. அக்கா வர்றா. பிள்ளையோட வாசல்ல வந்து உக்காருவேன்னு சொல்றா."

கத்துவார்னு நினைச்சேன். அவர் கிளாஸைக் கீழ வச்சார். அப்புறம் சொன்னார். "உங்க அக்கா ஏற்கனவே ஒரு தடவை வாசலுக்கு வந்தா. உங்கப்பன் போறதுக்கு ரெண்டு நாள் முந்தி. 'அப்பா மூணு நாளா தூங்கலை, அவரை வீட்டுக்கு அனுப்புங்க மாஸ்டர்'னு கேட்டா. நான் சிரிச்சேன். 'திருவிழா முடிஞ்சதும் தூங்கட்டும், போம்மா'ன்னு சொன்னேன்."

ஏழு வருஷம் அக்கா! ஏழு வருஷம் இதை வாய்க்குள்ளயே வச்சிருந்தியா? என்கிட்ட கூட சொல்லாம? அம்மாவுக்குத் தெரியுமா? யார்கிட்டயாவது சொன்னியா? எனக்கு அந்த மனுஷனை அங்கயே அடிக்கணும்னு இருந்துச்சு. அவர் அழுதுட்டு இருந்தார், எப்படி அடிக்கிறது! அப்புறம் உன்மேலதான் கோபம் வந்துச்சு. சொல்லியிருந்தா நான் லைசென்ஸ் வாங்கியே இருக்க மாட்டேன். இல்ல, வாங்கியிருப்பேன். தெரியல. ஆனா தெரிஞ்சே வாங்கியிருப்பேன்ல!

பசங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. "அக்கா பாவாடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான்"னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் கிளப் பக்கத்துலயே என்னைக் கோழைன்னு கோழிப் படம் போட்டான். நான் நடத்துற பக்கம், அதுலயே! அதுக்குக் கீழயும் இதயம் போடுறாங்க. நான் அதை அழிக்கலை. இருக்கட்டும்.

அடுத்த வருஷம் பத்தி என்கிட்ட சத்தியம் கேக்காத. குடுக்க மாட்டேன். ஒரு தடவை குடுத்து என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். இந்த வருஷம் இனிமே உள்ள போகலை. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு.

நீ வர்ற புதன்கிழமைதான் கடைசி வாணக் குண்டெல்லாம் நிரப்புற நாள். எல்லாரும் கிடங்குல இருப்பாங்க. நான் இம்ஜார் துறைமுகத்துல நிப்பேன். ரெண்டு மணிக் கப்பல்னு மச்சான் சொன்னார். அதுல வரலைன்னா அடுத்த கப்பலுக்கும் நிப்பேன்.

என்கிட்ட பேசாத. நானும் உன்கிட்ட பேச மாட்டேன். வீடு வர்ற வரைக்கும் பேச மாட்டேன். கப்பல் கதவு இறங்கினதும் முதல்ல பிள்ளையை என் கையில குடு.

ஜெஸ்மண்ட்